கூடுகாட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர் படங்கள் பக்கத்தில் வந்த சின்னான் (புல்புல்) கூட்டுப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்தபடி இருக்க, கூட்டின் விளிம்பில் பெரிய பறவை உட்கார்ந்திருக்கிறது. ‘தாய்ப்பாசம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. முதலில் பார்த்தபோது நானும் ரசித்தேன். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு கிளை, வளர்ந்த போக்கில் இல்லாமல் பின்பக்கமாக இழுபட்டு நிற்கிறது. அதில் வெள்ளையாக ஒரு நூல். கூட்டுக்கு மேல் ஓர் இலைகூட இல்லை. இறகு முளைக்காத முதுகுகளில் நேர் வெயில் விழுகிறது.

சின்னான் மறைவு தேடிக் கூடு கட்டுகிற பறவை. புதருக்குள் கைவிட்டு விலக்கினால் ஒழிய, அந்தக் கிண்ணம் அவ்வளவு பளிச்சென்று கேமராவுக்குக் கிடைக்காது. யாரோ விலக்கியிருக்கிறார்கள், விலக்கிய கிளையைக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். குஞ்சுகள் வாயைத் திறப்பது இரைக்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வெயில் தாங்காமலும் அவை அப்படித்தான் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். படத்தை வைத்து இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் உறுத்துகிறது. (அது தாய்தானா என்பதும் சந்தேகம். சின்னானில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டுமே இரை ஊட்டும். போன மாதம் நாரையைக் கொக்கு என்று போட்டதைப் போல இதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

படம் எடுத்தவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த நூல் என் கண்ணில் பட்டதற்குக் காரணம், அதே மாதிரி ஒரு நூல்கண்டைக் கேமராப் பையின் பக்கவாட்டு அறையில் போட்டுக்கொண்டு நானும் இரண்டு வருடம் திரிந்தவன் என்பதுதான்.

பதினோரு வருடமாகப் பறவைகளின் பின்னால் அலைகிறேன். தனியாக இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்த நண்பர் ஒருவர் கூட வருவார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கேமரா கிடையாது. எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் ஒன்றும், அட்டை பிய்ந்த ஒரு நோட்டும் வைத்திருப்பார். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு, “தம்பி, பறவை பெருசாத் தெரியும், கூடவே என் கை நடுக்கமும் பெருசாத் தெரியும்” என்றார். ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒத்தே போகாது. நான் படம் கிடைத்ததும் அடுத்த பறவைக்கு ஓடுவேன். அவர் அதே பறவையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். “நீங்க பார்க்கவே இல்லையே, எடுத்துட்டு வந்துட்டீங்க” என்பார். நான் அவருடைய நோட்டைக் காட்டி, “இதுல எழுதினதை யார் நம்புவாங்க?” என்பேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஓர் உள்ளான், சேற்றில் இரை தேடுகிற சின்னக் கரைப்பறவை. பனிக்காலத்தில் வலசை வந்த கூட்டம், சேற்றில் ஐம்பது அறுபது இருக்கும். அதில் ஒன்றின் காலில் ஏதோ நிறமாக ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஆனால் அந்த நிறத்தில் எழுத்து இருக்கிறதா என்பது அவருடைய பைனாகுலருக்கு எட்டவில்லை. நான் எடுத்த நாற்பது சொச்சம் படங்களில் ஒரே ஒரு படத்தில், பறவை காலைத் தூக்கிய நொடியில், சின்ன பிளாஸ்டிக் கொடியும் அதில் பொறித்த எழுத்துகளும் தெரிந்தன. அடையாளத்துக்காகப் பறவைகளின் காலில் வளையமும் கொடியும் மாட்டுகிற ஆய்வாளர்களுக்கு அனுப்பினோம். எங்கே, எந்தத் தேதியில் அதை மாட்டினார்கள் என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை அவர் கையால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 1899-இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்து ஸ்டார்லிங் பறவைகளின் காலில் மாட்டி ஆரம்பித்த வேலை இது. இன்றைக்கும் அதன் பாதி வேலையைச் செய்வது ஆய்வாளர்கள் கிடையாது, சேற்றோரம் நின்று காலைக் கவனிக்கிற எங்களைப் போன்றவர்கள்தான். ஒருவர் கவனிக்க வேண்டும், ஒருவர் பதிவு செய்ய வேண்டும்.

சரி, நூல்கண்டு விஷயத்துக்கு வருகிறேன். கிளை கட்டிய கதைகளைவிட மோசமான ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன், அதில் நூலே கிடையாது.

ஒரு கோடைக்காலக் காலை. தண்ணீர் வற்றிய கரையில், கூழாங்கல் மேட்டில் ஓர் ஆள்காட்டி அடை காத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கூடு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. தரையில் லேசான பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கல். நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் பார்க்கக் கச்சிதமாக அடுக்கியிருந்தன. மண் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குப் படாது. எங்களுக்குப் பட்டதற்குக் காரணம், நாங்கள் வருவதைப் பார்த்து அது எழுந்து, நடந்து, கத்திக்கொண்டே மேலே பறந்ததுதான். பேரே ஆள்காட்டி, ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிற பறவை. வேட்டைக்காரனுக்கு அதன்மேல் தீராத கோபம் இருந்திருக்கும்.

நான் 15 அடி தூரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன். பறவையின் கண்மட்டத்தில் கேமரா இருந்தால்தான் படத்தில் உயிர் இருக்கும், பின்னணியும் மங்கி வரும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அது திரும்ப வந்து முட்டையில் உட்காரும், அந்த நொடியை எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். வந்தது, உட்காரவில்லை. ஓடியது, நின்றது, தலையை ஒரு வெட்டு வெட்டியது, மறுபடி கத்திக்கொண்டு என் தலைக்கு மேல் பாய்ந்தது. சிறகை விரித்து, அலகைத் திறந்து, நேராகக் கேமராவைப் பார்த்தபடி அது இறங்கிய நொடி எனக்குக் கிடைத்தது. கேமரா கண் திறந்து மூடியது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடி. கண்ணில் ஒளிப்புள்ளி, சிவப்பு மூக்குத்தோல், ஒவ்வோர் இறகும் தனித்தனியாக. அந்த நாளின் சிறந்த படம் அதுதான். அண்ணன் தூரத்தில் மரத்தடியில் இருந்தார். இரண்டு முறை கைகாட்டினார். மூன்றாம் முறை குரல் கொடுத்தார்: “தம்பி, போதும், எழுந்து வாங்க.” இன்னும் ஐந்து நிமிடம் என்று நான் விரலை விரித்தேன்.

திரும்பி நடக்கும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டைத் திறந்து நீட்டினார். அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது:

“9.10 எழுந்தது. 9.25 இல்லை. 9.40 இல்லை. 9.50 இல்லை, காகம் ஒன்று மரத்தில். 10.05 தம்பி எழுந்தார். 10.11 உட்கார்ந்தது.”

அறுபத்தொரு நிமிடம். கோடையில் திறந்த தரையில் கிடக்கும் முட்டைக்கு ஆள்காட்டி உட்கார்ந்து கொடுப்பது சூடு இல்லை, நிழல். வெயில் ஏறினால் அது தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் உட்காரும், முட்டை குளிர வேண்டும் என்பதற்காக. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, படித்தது அப்புறம்தான். என்னுடைய படத்தில் சீறிப் பாய்கிற வீரம் மாதிரித் தெரிந்தது, நான் நகர வேண்டும் என்று அது ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே செய்தி.

அதோடு விட்டேனா? அன்று மாலையே எங்கள் குழுவில் படத்தைப் போட்டேன். பாராட்டு குவிந்தது. எந்தக் கரை, எந்த மேடு என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அடையாளம் சொன்னேன், பெருமையாக. அடுத்த ஞாயிறு போனபோது அந்த மேட்டைச் சுற்றி ஒரே காலடித் தடம். ஒரு லென்ஸ் மூடி கிடந்தது. முட்டைகள் இல்லை. கீரியா, நாயா, காகமா, தெரியாது. நாங்கள் வராவிட்டாலும் அவை போயிருக்கலாம், தரைக்கூடுகளில் பாதுகாப்பு எப்போதுமே குறைவுதான். அண்ணன்கூட அதைத்தான் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. ஆனால் அந்தப் பறவைக்கு ஆள்காட்டி என்று பேர் வைத்த நாம், நம்முடைய வேலைக்கு என்ன பேர் வைப்பது? கூடுகாட்டி என்றுதான் சொல்ல வேண்டும். நூல்கண்டைத் தூக்கி எறிந்தது அதற்குப் பிறகுதான்.

‘மனிதன் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சைச் சேர்க்காது’ என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் அது உண்மை இல்லை. விழுந்த குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைத்தால் தாய் வாசனை பிடித்து ஒதுக்கிவிடாது. ஆபத்து கையில் இல்லை, நாம் நிற்கிற நேரத்தில் இருக்கிறது. நாம் நிற்கிற வரைக்கும் அடை இல்லை, இரை இல்லை, நிழல் இல்லை. முட்டைப் பருவத்தில் தொல்லை தொடர்ந்தால் கூட்டையே விட்டுவிட்டுப் போகிற பறவைகள் உண்டு. பறக்கத் தயாராகிற பருவத்தில் குஞ்சுகள் மிரண்டு, சிறகு பலப்படுவதற்கு முன்பே வெளியே குதித்துவிடும். விலக்கிய இலையைத் திரும்ப எப்படி வைத்தாலும் பழையபடி மூடாது. நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிற காகத்துக்கு அந்த இடைவெளி போதும்.

கூட்டைத் தாண்டியும் சொல்ல இருக்கிறது. அலகில் புழுவோடு கிளையில் நிற்கும் பறவையின் படம் உங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். அப்படி ஒரு பறவை விழுங்கவும் விழுங்காமல், நகரவும் நகராமல், நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதென்றால், கூடு பக்கத்தில் இருக்கிறது, நாம் போகட்டும் என்று காத்திருக்கிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். கழுத்தை நீட்டி விறைப்பாக நிற்பது, கொண்டையைத் தூக்குவது, ஒரே குரலை விடாமல் கொடுப்பது எல்லாம் போஸ் கிடையாது. நிம்மதியாக இருக்கிற பறவை இறகைக் கோதும், ஒற்றைக் காலில் தூங்கும், நம்மைக் கண்டுகொள்ளாமல் மேயும். அந்தப் படங்கள் ‘ஆக்‌ஷன்’ இல்லை என்று யாரும் போடுவதில்லை.

பறக்கிற படம் வேண்டும் என்று கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலசைப் பறவைக்கு அது என்ன செலவு என்று யோசிக்க ஒரு கணக்கு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, செயற்கைக்கோள் கருவியைச் சுமந்துகொண்டு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் அந்த இனத்துக்குச் சேறுதான் களஞ்சியம். தின்று சேர்க்கிற கொழுப்பில்தான் அடுத்த கடலைத் தாண்ட வேண்டும். நாம் ஒரு படத்துக்காக நாலு முறை கிளப்பிவிட்டால் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம்.

குரல் விவகாரமும் அப்படியே. மெர்லின் மாதிரி செயலிகள் வந்த பிறகு குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது. எனக்குக் காது அவ்வளவு கூர்மை இல்லை, அதனால் நிறைய உதவியாக இருக்கிறது. ஆனால் அதே குரலைத் திருப்பி ஒலிக்கவிட்டால், புதருக்குள் இருக்கிற ஆண் தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து கத்தும். நமக்கு ஒரு படம். அதற்கு இல்லாத எதிரியோடு ஒரு காலைப்பொழுது.

இந்தப் பொழுதுபோக்கின் பழைய கதை ஒன்று எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து துப்பாக்கியோடு கிளம்பி, யார் அதிகம் சுட்டார்கள் என்று போட்டி போடுகிற வழக்கம் இருந்தது. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணுவோமே என்றார். 1900 டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்னும் ஆண்டுதோறும் நடக்கிறது. பறவை நோக்கல் துப்பாக்கியைக் கீழே வைத்ததில் வளர்ந்தது. கேமராவை எடுத்த நாமோ ‘ஷூட்’ பண்ணினேன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொள்கிறோம்.

பறவைப் புகைப்படத்தின் தொடக்கத்திலேயே கூடுதான் இருந்தது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். இங்கிலாந்தின் கியர்டன் சகோதரர்கள் 1892-இல் முட்டையோடு இருந்த ஒரு கூட்டைப் படமெடுத்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் காலத்துக் கேமரா பெட்டிமாதிரி கனமானது, தூரத்திலிருந்து எடுக்கிற வசதி இல்லை. பறவையை மிரட்டக்கூடாது என்பதற்காக உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொய் மாடு ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்கள். நம் தோளில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் தொங்குகிறது. இதை வைத்துக்கொண்டும் கூட்டின் வாசலுக்குப் போய்த்தான் நிற்பேன் என்றால் லென்ஸ் எதற்கு?

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டின் படங்களை வாசகர் பக்கத்தில் போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். ‘எல்லோரும் அப்படியா எடுக்கிறார்கள், ஜன்னலோரம் கட்டிய கூட்டை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்தவர்களும் உண்டே’ என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அச்சில் வந்த படத்தைப் பார்த்து அதைப்போல எடுக்கக் கிளம்புகிறவருக்கு ஜன்னல் இருக்காது. நானும் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நூல்கண்டு வாங்கினேன்.

இன்னொன்று, இடம். ஆந்தை தங்குகிற மரம், அரிய பறவை வந்திருக்கிற குட்டை என்று படத்தின் அடியில் துல்லியமாக அச்சிட வேண்டியதில்லை. இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பதிவிடுகிறார்கள், அங்கேயே ஆபத்தில் உள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள். கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதையும் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வரியில் நினைவுபடுத்தலாம். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது. இரண்டாவதற்குப் பதில் எழுதவாவது கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் கேள்வி அண்ணனுடைய யோசனை.

பக்கம் காலியாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். மைனா குளிப்பதை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காகம் எதை எங்கே ஒளித்து வைக்கிறது என்று தொடர்ச்சியாக நாலு படம் கேளுங்கள். தூங்குகிற உள்ளான் கூட்டத்தில் சில ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும், அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி வாசகர்களுக்கே போட்டி வையுங்கள்.

இத்துடன் நான் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். அதே கரை, இரண்டு வருடம் கழித்து. பாதிப் படம் சேறு. ஆள்காட்டி நடுவில் விரல்நகம் அளவுக்குத்தான் தெரியும், கூடு எதுவும் பக்கத்தில் இல்லை. குளித்துவிட்டு வயிற்று இறகைக் கோதிக்கொண்டிருக்கிறது. நாங்கள் வந்து நின்றபோதும் கோதிக்கொண்டிருந்தது, இருபது நிமிடம் கழித்துக் கிளம்பியபோதும் கோதிக்கொண்டிருந்தது. ஒரு முறைகூடக் கத்தவில்லை என்று அண்ணன் நோட்டில் எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பக்கத்தின் பழைய வாசகன்